‘புட் மீ ஆஃப்’ என்றால் ‘என்னைத் தள்ளிப்போடு’ என்று பொருளா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஷிஃப்ட் ரிப்போர்ட்டை உங்கள் சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ‘நாளைக்குத் தந்துடறேன் சார்’ என்று சொல்லிவிட்டீர்கள். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ‘ப்ளீஸ் டோன்ட் புட் மீ ஆஃப் அகெய்ன்’ என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘புட் ஆஃப்’ என்றால் ‘போஸ்ட்போன்’, அதாவது தள்ளிப்போடுவது என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கிறது. ஆனால் ஒரு ஆளை எப்படித் தள்ளிப்போடுவது? அவர் கோபமாக இருக்கிறாரா? என்ன பதில் போடுவது?

அகராதிப் பொருள் உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்த பொருள் இந்த வாக்கியத்தில் ஏன் உட்காரவில்லை என்பதுதான் உங்கள் சந்தேகம். அதனால் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ‘இந்தத் தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்’ என்பதுதான் அவர் சொன்னது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘மறுபடியும் எனக்கு வாய்தா சொல்லாதப்பா’. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் இருக்கும் ‘அகெய்ன்’ என்ற சொல்லும், அதற்கு முன் இரண்டு முறை நீங்கள் சொன்ன ‘நாளைக்கு’ம் அதை உறுதி செய்கின்றன. கோபமா இல்லையா என்பது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் ஆங்கிலம் நடத்தியவன் நான். வேலைக்குச் சேர்ந்தபோது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004-இல்தான் அது தனி மாவட்டமானது. ஓய்வு பெற்ற பிறகு ஓசூர்ப் பக்கம் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் இப்போது தடுமாறும் இடத்தில் என் மாணவர்கள் தடுமாறியதற்கு நானும் ஒரு காரணம். தேர்வில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. கோடிட்ட சொல்லுக்குப் பதிலாக ஃப்ரேசல் வெர்ப், அதாவது ‘புட்’டோடு ‘ஆஃப்’ சேர்வது போல வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்த தொடர், எழுது என்பார்கள்; ‘போஸ்ட்போன்டு’ இருந்தால் ‘புட் ஆஃப்’ எழுது, ‘கேன்சல்டு’ இருந்தால் ‘கால்டு ஆஃப்’ எழுது என்று பல வருடம் அப்படியேதான் நடத்தினேன். ஒரு நாள் ஒரு மாணவி ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை ஹிஸ் பிஹேவியர்’ என்ற வாக்கியத்தை ‘அவருடைய நடத்தையால் நான் ஒத்திவைக்கப்பட்டேன்’ என்று தமிழாக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் கொஞ்சமும் பிசகாமல் செய்திருந்தாள். தப்பு என் பாடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஃப்ரேசல் வெர்ப்புகளைப் பட்டியலாக நடத்துவதை விட்டுவிட்டேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கட்டிவைத்துப் படிப்பதை விட்டுவிட்டு, அந்த வினைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தள்ளுவது ஆளா, பொருளா? தள்ளப்படுவது ஆளா, காரியமா? ‘புட் ஆஃப்’புக்கு இது ஒன்று தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. நம் ‘தள்ளி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள் என்றால் தேதி மாறியிருக்கிறது. பெண்டாட்டியைத் தள்ளி வைத்தான் என்றால் குடும்பம் பிரிந்திருக்கிறது. ஒரு வீட்டாரை ஊரில் தள்ளி வைத்தார்கள் என்றால் அது பெரிய கொடுமை. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தேடுவார்கள். வினை அதேதான், செயப்படுபொருள் மாறியதும் பொருள் எங்கோ போய்விட்டது. இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டே படிந்தது. உங்கள் லைனில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் கவனியுங்கள். ‘பார்த்துக்கோ’, ‘பார்த்துப் போ’, ‘பார்த்துடலாம்’, ‘பார்க்கலாம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் நான்கும் அவர்களை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம் என்பது எந்த அகராதியைப் பார்த்தால் விளங்கும்? ஃப்ரேசல் வெர்ப் என்பது ஏறக்குறைய நம் கூட்டுவினை போலத்தான். ‘கண்டுபிடி’ என்பதைக் ‘கண்டு’ என்றும் ‘பிடி’ என்றும் பிரித்து ஒருவருக்கு விளக்க முடியாது அல்லவா, அதுபோல.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆள் ஒரு காரியத்தைத் தள்ளினால், நீங்கள் பள்ளியில் படித்த பொருள். ‘தே புட் ஆஃப் தி வெட்டிங் டில் தை’ என்றால் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். ஒகேனக்கலில் காவிரியில் வெள்ளம் வந்து பரிசல் ஓட்டத் தடை போட்டுவிட்டால், ‘வீ புட் அவர் ட்ரிப் ஆஃப்’ என்று சொல்லலாம். நோக்கம் அப்படியே இருக்கிறது, நாள்தான் மாறுகிறது.

இந்தப் பொருளில் ‘போஸ்ட்போன்’ என்பதும் ‘புட் ஆஃப்’ என்பதும் ஒன்றா என்றால், பெரும்பாலும் ஒன்று. ஆனால் ‘புட் ஆஃப்’ பேச்சுச் சொல், ‘போஸ்ட்போன்’ கொஞ்சம் சட்டை போட்ட சொல். அறிவிப்புப் பலகையில் ‘தி எக்ஸாம் ஹேஸ் பீன் போஸ்ட்போன்டு’ என்றிருக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொல்வதாக இருந்தால் ‘தே ஹாவ் புட் இட் ஆஃப்’ என்பார்கள். இன்னொரு நுண்ணிய வேறுபாடும் உண்டு. ‘ஹீ கீப்ஸ் புட்டிங் இட் ஆஃப்’ என்றால் அதில் ‘செய்ய மனசில்லாமல் இழுத்தடிக்கிறான்’ என்ற வாடை வீசும். பல் டாக்டரிடம் போவது, கடன் கேட்டுப் போவது, கஷ்டமான ஒரு போன் பேசுவது, இவற்றையெல்லாம் நாம் ‘புட் ஆஃப்’ செய்கிறோம். ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லில் அந்த வாடை குறைவு. எப்போதும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்; சாதாரணமாக, தயக்கம் எதுவும் இல்லாத இடத்திலும் ‘புட் ஆஃப்’ வரும். ‘கீப்ஸ்’, ‘ஆல்வேஸ்’ மாதிரிச் சொற்கள் பக்கத்தில் வந்தால் மட்டும் அந்த வாடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு சொற்களின் உள்ளே பார்த்தால் ஒரு அழகு இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘போஸ்ட்’ என்றால் பிறகு, ‘போனெரே’ என்றால் வை. பிறகு வை. நம் ‘ஒத்திவை’யிலும் அதே ‘வை’. ‘தள்ளிப்போடு’வில் ‘போடு’. ‘புட்’ என்பதும் வை அல்லது போடுதானே. ஒரு காரியத்தைக் கையில் எடுத்து இந்த நாளிலிருந்து அந்த நாளில் கொண்டுபோய் வைப்பது போலத்தான் எல்லா மொழிக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் ‘வாயிதா வேசாரு’ என்பார்கள். வாய்தா போட்டார்கள் என்று அப்படியே தமிழில் வந்து விழும். அவர்களுக்கு எந்தக் கூட்டத்தைத் தள்ளி வைத்தாலும் வாய்தாதான். நமக்கு வாய்தா என்றதும் கோர்ட்டு நினைவுக்கு வருகிறது. கோர்ட்டுக்கு வெளியே அதைச் சொன்னால் அதில் சலிப்பு கலந்திருக்கும்.

கன்னடம் பேசுபவர்களுக்கு இதில் ஒரு குழி இருக்கிறது. ஓசூரில் இருப்பதால் இதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டம் தள்ளிப் போனால் அவர்கள் ‘முந்தக்கே ஹாக்கித்தாரே’ என்பார்கள். முன்னுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். வரும் காலம் நமக்கு முன்னால் இருக்கிறது, அதை நோக்கித் தள்ளுகிறோம் என்ற கணக்கு. அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘தி மீட்டிங் இஸ் புட் ஃபார்வர்டு’ என்று சொல்லிவிட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு தேதியை ‘புட் ஃபார்வர்டு’ அல்லது ‘பிரிங் ஃபார்வர்டு’ செய்வது என்றால் சீக்கிரமாக்குவது. ‘மூவ் ஃபார்வர்டு’ இன்னும் மோசம். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்டு’ என்று சொல்லி, எந்தக் கிழமை என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களில் ஒரு சாரார் திங்கள் என்றார்கள், இன்னொரு சாரார் வெள்ளி என்றார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. அதனால் தொழிற்சாலையில் தேதி மாற்றத்தை எழுதும்போது பழைய கிழமையையும் புதுக் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்: ‘புட் ஆஃப் ஃப்ரம் வெட்னஸ்டே டு ஃப்ரைடே’. யாரும் குழம்ப மாட்டார்கள். நாம் எல்லோரும் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்திய ஆங்கிலத்தில் ஊன்றிப்போன நல்ல சொல்தான், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இந்திய வழக்காக இடம் பிடித்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மெயிலில் அதைத் தவிர்த்து ‘பிரிங் ஃபார்வர்டு’ போட்டுத் தேதியையும் எழுதிவிடுவேன்.

‘டிலே’யும் இதுவும் ஒன்றல்ல. பஸ் லேட் என்றால் ‘டிலே’. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து அதை லேட்டாக்கவில்லை. ‘புட் ஆஃப்’புக்குப் பின்னால் ஒருவருடைய முடிவு இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கப்பட்ட மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதைக்காக நம் மாவட்டத்தில் இத்தனை காலம் காத்திருந்தோமே, அதை ‘டிலேய்டு’ என்று எழுதுகிறவர் நடந்ததை மட்டும் சொல்கிறார். ‘புட் ஆஃப் அகெய்ன் அண்ட் அகெய்ன்’ என்று எழுதுகிறவர் யாரோ தள்ளினார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு ரத்து. ‘அட்ஜர்ன்’ என்பது தொடங்கிவிட்ட கூட்டத்தையோ விசாரணையையோ இன்னொரு நாளைக்கு ஒத்திவைப்பதற்கு.

அடுத்தது, ஆள் ஆளைத் தள்ளுவது. உங்கள் சூப்பர்வைசருடைய வாக்கியம் இந்த வகை. காசு கேட்டு வந்தவரை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று அனுப்புவது, சர்ட்டிஃபிகேட் கேட்டு வந்தவரை ‘ஐயா லீவு, திங்கட்கிழமை வாங்க’ என்று திருப்புவது, இவையெல்லாம் ‘புட்டிங் சம்படி ஆஃப்’. ஒரு அலுவலகத்தில் என் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக ஏழு முறை என்னை இப்படி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் மரியாதையாகவே இருந்தது, ஒருவரும் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. அதுதான் இந்த ‘புட் ஆஃப்’பின் குணம். மறுப்பது இல்லை, செய்வதும் இல்லை. தமிழில் இதற்கு ‘சாக்குப்போக்கு சொல்வது’, ‘இழுத்தடிப்பது’, ‘நாளைக் கடத்துவது’, ‘அலைக்கழிப்பது’ என்று வகை வகையாகச் சொற்கள் இருக்கின்றன. நான்கும் நான்கு அளவு கசப்பு. ஆங்கிலத்தில் இந்த ஒரே ‘புட் ஆஃப்’ அந்த எல்லா அளவுக்கும் ஓடுகிறது, எந்த அளவு என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

இதே ஆள்–ஆள் வகையில் சாதுவான இன்னொரு பொருளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்த சொந்தக்காரர்களை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, ‘இந்த வாரம் வேண்டாம், இன்னொரு நாள் வாங்க’ என்று சொல்லிவிடுவது. ‘வீ ஹேட் டு புட் தெம் ஆஃப்’. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பஸ்காரர் ஒருவரை ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிடுவதற்கும் இதே சொல் உண்டு: ‘ப்ளீஸ் புட் மீ ஆஃப் அட் பாலக்கோடு’. இந்தப் பொருள் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படாது, படிக்கும்போது கண்ணில் பட்டால் திகைக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, ஒரு பொருளோ குணமோ ஆளைத் தள்ளுவது. இங்கேதான் என் மாணவி தடுக்கி விழுந்தாள். தள்ளுவது ஒரு வாடையாக, விலையாக, தோற்றமாக, பேச்சாக இருந்து, தள்ளப்படுவது மனுஷனாக இருந்தால் ‘புட் ஆஃப்’ என்பதற்கு மனசு விட்டுப்போவது, பிடிக்காமல் போவது, ஆசை அடங்கிப்போவது என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வரும் நண்பருக்கு நம் வீட்டில் ராகிக்களி போட்டால் அந்த நிறத்தைப் பார்த்து அவர் முதலில் கொஞ்சம் தயங்குவார். அப்போது ‘டோன்ட் பி புட் ஆஃப் பை தி கலர்’ என்று சொல்லலாம்: நிறத்தைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீங்க, கீரைக் குழம்பில் தொட்டு ஒரு வாய் விழுங்கிப் பாருங்க. ‘தி ப்ரைஸ் புட் மீ ஆஃப்’ என்றால் விலையைக் கேட்டதுமே வாங்கும் ஆசை போய்விட்டது. இதற்கு ‘அருவருப்பு’ என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள், அது மிகவும் கடுமை. ‘டிஸ்கஸ்ட்’டுக்கும் இதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. ‘ஒரு மாதிரி ஆயிடுச்சு’ என்று நாம் சொல்வோமே, அந்த அளவு.

இதிலேயே ஒரு நீட்டிப்பு உண்டு. எதிலிருந்து மனசு விட்டுப்போனது என்பதைக் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். ‘தட் டீச்சர் புட் மீ ஆஃப் மேத்ஸ்’. அந்த ஆசிரியரால் எனக்குக் கணக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இங்கே தள்ளியது ஆள்தான் என்றாலும், கடைசியில் ஒரு பாடமோ உணவோ ஊரோ ஒட்டிக்கொண்டிருப்பதால் பொருள் தெளிவாகிவிடுகிறது. ‘தி நியூஸ் புட் மீ ஆஃப் மை ஃபுட்’ என்பதற்கு நம் ‘அந்தச் சேதி கேட்டதிலிருந்து சோறே இறங்கல’ என்பதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது. ஆசிரியராக இருந்தவன் என்பதால் அந்தக் கணக்கு வாக்கியத்தை வகுப்பில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும். எத்தனை பிள்ளைகளை நாங்கள் ஆங்கிலத்திலிருந்தே இப்படித் தள்ளிவிட்டிருப்போம்.

கவனத்தைக் கலைப்பதும் இந்தச் சொல்தான். கேரம் ஆடும்போது குறிபார்க்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று பேசுகிறவனிடம் ‘யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’ என்பார்கள். ‘அட சும்மா இருடா, குறி தப்புது’. ‘ஆஃப்-புட்டிங்’ என்று இதிலிருந்து பிறந்த ஒரு பெயரடையும் உண்டு. முகம் கொடுத்துப் பேசாதவர், வாசலிலேயே அதட்டும் போர்டு மாட்டிய கடை, இப்படிக் கிட்டே போகவிடாமல் செய்வது எல்லாம் ‘ஆஃப்-புட்டிங்’. ஆனால் அதைத் தள்ளிப்போடுவது என்ற பொருளில் பயன்படுத்த முடியாது.

லைட்டை அணைப்பதற்கு ‘புட் ஆஃப் தி லைட்’ சொல்லலாமா என்று வகுப்பில் தவறாமல் கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லலாம், அகராதிகளில் இருக்கிறது, நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் இன்று ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’தான் அதிகம் புழங்குகின்றன. தொழிற்சாலையில் மெஷினுக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றே எழுதுங்கள், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டு பொருள் படும் சொல் வேண்டாம்.

இத்தனை பொருளும் ஒரே இடத்திலிருந்து எப்படிக் கிளைத்தன? ‘ஆஃப்’ என்பதன் அடிப்படை விலகல், அப்பால் போதல். இந்த ‘ஆஃப்’பும் (off), ஒரே ‘எஃப்’ போட்டு எழுதி ‘ஆவ்’ என்று ஒலிக்கும் சொல்லும் (of) பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல், அழுத்திச் சொன்ன வடிவம் இரண்டு ‘எஃப்’ வாங்கிக்கொண்டு 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் தனியாகப் பிரிந்து நிலைத்தது. மாணவர்கள் ஒரு ‘எஃப்’ போட்டு எழுதிவிடுவது இதனால்தான். நீங்கள் இரண்டு போடுங்கள். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் ‘புட் ஆஃப்’ என்றே இருக்கிறது. கழற்றிப் போடு. அங்கேயும் ‘போடு’. உடம்பிலிருந்து துணியை விலக்கிப் போடுவது, கரையிலிருந்து படகு விலகிப் புறப்படுவது, இன்றிலிருந்து காரியத்தை விலக்கி வைப்பது, வாசலிலிருந்து ஆளை விலக்கி அனுப்புவது, ஒன்றிலிருந்து மனசு விலகுவது. விலகல் எல்லாவற்றிலும் இருக்கிறது. ‘ஆஃப்’ என்பதன் இந்த வரலாறு உறுதியானது. அந்த விலகல்தான் மனசு விட்டுப்போகும் பொருளையும் பெற்றது என்று நான் கோத்துக் காட்டுவது, வகுப்பில் நினைவில் நிற்க உதவும் ஒரு நூல் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இலக்கணம். ‘புட்’ இறந்தகாலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ என்று ஒன்று கிடையாது. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்: ‘புட் தி மீட்டிங் ஆஃப்’, ‘புட் ஆஃப் தி மீட்டிங்’ இரண்டும் சரி. பெயர் நீளமாக இருந்தால் பின்னால் வைப்பதுதான் காதுக்கு இதம். ஆனால் ‘இட்’, ‘மீ’, ‘தெம்’ போன்ற சின்னச் சொற்கள் கட்டாயம் நடுவில்தான். ‘புட் ஆஃப் இட்’ தவறு, ‘புட் இட் ஆஃப்’ சரி. உங்கள் சூப்பர்வைசரும் ‘புட் மீ ஆஃப்’ என்றுதான் சரியாக எழுதியிருக்கிறார். அடுத்து ஒரு வினை வந்தால் ‘இங்’ வேண்டும்: ‘ஐ புட் ஆஃப் கோயிங்’ சரி, ‘புட் ஆஃப் டு கோ’ தவறு. நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில். பேசும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழ வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது ‘புட்டாஃப்’ என்று ஒட்டி ஒலிக்கும். தனித்தனியாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் காதில் விழாது.

இரண்டு பொருளும் பொருந்தும் வாக்கியங்கள் உண்மையிலேயே உண்டு. ‘ஹீ புட் ஆஃப் தி கஸ்டமர்ஸ்’ என்றால் வாடிக்கையாளர்களிடம் நாள் கடத்தினானா, அவர்கள் முகம் சுளித்து ஓடும்படி நடந்துகொண்டானா? இந்த ஒரு வரியை மட்டும் வைத்து நானும் சொல்ல மாட்டேன். முன்பின் இருக்கும் வரிகளைக் கேட்பேன். உங்களுக்கு வந்த செய்தியில் அந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் முன்கதையை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

கோபமா என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்லை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ‘ப்ளீஸ்’ போட்டிருக்கிறார், வசவு இல்லை, எச்சரிக்கை இல்லை, ஆனால் ‘அகெய்ன்’ இருக்கிறது, அதாவது நீங்கள் சொன்ன இரண்டு ‘நாளைக்கு’களையும் அவர் எண்ணி வைத்திருக்கிறார். இது சலிப்பு, கோபத்துக்கு ஒரு படி முன்னால். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், அந்த அளவை நீங்கள்தான் கணிக்க வேண்டும். அவர் உங்களைத் தப்பாகச் சொன்னார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பேச்சில் ‘நாளைக்கு’ என்பது பல நேரம் மரியாதைக்குச் சொல்வது. எதிரில் நிற்பவரிடம் ‘இன்னும் முடிக்கல’ என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. இதே பழக்கத்தோடு வேலைக்குப் போன என் மாணவர்கள் பலர் இந்த ஒரு சொல்லால் முதல் வருடத்தில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறார்கள். வேலை தெரியாதவர்கள் இல்லை அவர்கள். முடியாததை முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள்.

பதிலில் ‘ஐ வில் நாட் புட் யூ ஆஃப்’ என்று அவர் சொல்லையே திருப்பி அனுப்ப வேண்டாம். அது இலக்கணப்படி சரிதான், ஆனால் மறுபடியும் ஒரு வாக்குறுதியாகத்தான் போய் நிற்கும். மன்னிப்பு ஒரு சொல், நேரம் ஒன்று, இரண்டும் இருந்தால் போதும்: ‘சாரி சார். தி ரிப்போர்ட் வில் பி இன் யுவர் மெயில் பை ஃபைவ் டுடே.’ ரிப்போர்ட்டில் ஏதாவது விவரம் கிடைக்காமல்தான் நிற்கிறது என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ஐ ஸ்டில் நீட் தி நைட் ஷிஃப்ட் கவுண்ட்.’ அப்படி எழுதினால் எது நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், அவரே வாங்கித் தரவும் கூடும். ஐந்து மணிக்கு முடியாது என்று தோன்றினால் ஆறு என்று எழுதுங்கள், ஏழு என்று எழுதுங்கள். ‘டுமாரோ’ என்று மட்டும் எழுத வேண்டாம்.